ஏழு வருஷத்துக்கு எத்தனை பக்கம்

"எத்தனை வார்த்தை இருக்கும் ஐயா?" என்று சென்னையிலிருந்து அந்தப் பெண் போனில் கேட்டாள்.

"எட்டு நோட்டு," என்றேன்.

"நோட்டுக் கணக்கு வேண்டாம் ஐயா. வார்த்தைக் கணக்கு சொல்லுங்க."

"எண்ணிச் சொல்றேம்மா."

அவள் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறவள். நான் எழுதிய சரித்திரக் காதல் கதையில் முதல் அத்தியாயத்தைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தேன். பிடித்திருக்கிறது என்றாள். அடுத்த கேள்வி இது. யார் செத்தார்கள், யார் சேர்ந்தார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது தப்பாகப் படவில்லை. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். டிராயிங் கையில் வந்தால் முதலில் பார்ப்பது நீளமும் விட்டமும். அந்தச் சாமான் எந்த வண்டிக்குள் போய் உட்காரும் என்பது அப்புறம்.

நான் புனேப் பக்கம் போசரியில் லேத் ஓட்டியவன். ஒன்பதாவது பெயில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்து, ஒரே கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆனேன். அதற்கப்புறம் கை சும்மா இருந்தது. பிம்ப்ரியில் தமிழ்ச் சங்கத்து அலமாரி ஒன்று உண்டு. அதில் இருந்த சரித்திர நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து படித்தேன். எல்லாம் தலைக்கு வைத்துப் படுக்கிற தடிமன். எல்லாவற்றிலும் ராஜா பேசுகிறார், மந்திரி பேசுகிறார். குதிரைக்குப் புல் போடுகிறவன் பேசவே இல்லை.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து மராத்தியர்கள் தஞ்சாவூர் போய் ஆண்டார்கள். நான் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தேன். அவர்கள் போன வழியில் எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறேன் என்று ஒருநாள் பஸ்ஸில் போகும்போது தோன்றியது. அதுதான் கதை. புனேப் பக்கத்துக் குதிரைக்காரன் ஒருவன் படையோடு தஞ்சாவூர் போகிறான். அங்கே லாயத்துக்குப் புல் அறுத்துப் போடுகிறவரின் மகளைக் கட்டிக்கொள்கிறான். வடக்கே திரும்பி வரச் சொல்லி உத்தரவு வருகிறது. அவளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறான். ஏழு வருஷம் கழித்துப் போய் அழைத்து வருகிறான்.

எட்டு நோட்டு எதற்கு என்றால், கடையில் ஒரே அட்டை போட்ட நோட்டு எட்டுதான் இருந்தது. ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். வலது பக்கம் மட்டும் எழுதினேன். இடது பக்கம் திருத்தத்துக்கு. லேத்தில் வேலை செய்கிறவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் விடுவான். சாமான் பெரிதாக இருந்தால் மறுபடி கடையலாம். சிறிதாகிவிட்டால் ஸ்கிராப். தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் கதையையும் கூட்டியே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்ஹகட் கோட்டை ஏறிச் சுவரெல்லாம் பார்த்து வந்து எழுதினேன். லாடம் அடிக்கிற ஒருவனைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதினேன்.

திருத்துவது என் வீட்டுக்காரி. பத்தாவது பாஸ். எனக்கு ரகர றகரம் எப்போதும் தகராறு. சமையல் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். இடது பக்கத்தில் நீல மையில் சரியானதை எழுதி வைப்பாள். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒன்றும் சொல்ல மாட்டாள். ஐந்து நோட்டு அப்படியே போனது. ஆறாவது நோட்டில் நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க."

போனேன்.

"இது என்ன?"

விரல் வைத்துக் காட்டினாள். 'ஏழு ஆண்டுகள் உருண்டோடின' என்று எழுதியிருந்தேன்.

"சரியாத்தான இருக்கு. பிழை ஒண்ணும் தெரியலையே."

"உருண்டோடுச்சா? யாருக்கு உருண்டோடுச்சு?"

"கதைல அப்படித்தான் எழுதுவாங்க."

"குதிரைக்கு லாடம் அடிக்க ஏழு பக்கம் எழுதியிருக்கீங்க. எண்ணிப் பாத்துட்டேன். ஒரு காலுக்கு ஒண்ணே முக்காப் பக்கம்."

பக்கத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பொண்ணு ஏழு வருஷமும் என்ன பண்ணுனா?"

"காத்திருந்தா."

"காத்திருந்தா. சரி." நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "மிச்சத்த நீங்களே திருத்திக்குங்க."

எங்களுக்கும் ஏழு வருஷம்தான். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் நான் புனே திரும்பிவிட்டேன். அப்போது டெம்பரவரி. ஏழு மாதம் வேலை, பிறகு பிரேக், பிறகு மறுபடி எடுப்பார்கள். போசரியில் ஒரு ரூமில் ஐந்து பேர். பாயை ஷிப்ட் போட்டு விரிப்போம். அங்கே பெண்ணைக் கொண்டுவந்து எங்கே வைப்பது. அவள் எங்கள் அப்பா அம்மாவோடு ஊரில் இருந்தாள். வேலை பெர்மனென்ட் ஆகி, தனி ரூம் கிடைத்தபோது ஏழு வருஷம் ஆகியிருந்தது. போய் அழைத்து வந்தேன். பையன் இங்கேதான் பிறந்தான். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கதையில் ஏழு என்று போட்டது கூட யோசித்துப் போட்டதில்லை. கை அப்படி எழுதிவிட்டது.

வார்த்தையை எண்ணினேன். பத்துப் பக்கம் எண்ணிப் பார்த்ததில் ஒரு பக்கத்துக்கு நூற்றுப்பத்து வந்தது. இருநூறு பக்கம், எட்டு நோட்டு. பெருக்கினேன். ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம்.

"ஐயோ, ரொம்பப் பெரிசு ஐயா," என்றாள் சென்னைப் பெண்.

"சரித்திர நாவலே பெரிசுதானம்மா?"

"அது பேர் வாங்குனவங்களுக்கு. முதல் புத்தகம் அவ்வளவு தடிமனா போட்டா யாரும் கைல எடுக்க மாட்டாங்க. முந்நூத்து இருபது பக்கம், அதுக்கு மேல எங்களால முடியாது. எண்பத்தஞ்சாயிரம் வார்த்தை. பாதியா குறைச்சுத் தர முடியுமா?"

"குறைக்கிறேன்."

வீட்டுக்காரியிடம் சொன்னேன். கதையில் அந்தப் பெண் காத்திருந்ததை எழுதலாம் என்று கொஞ்சம் நினைத்திருந்தேன், இப்போது இடமில்லை என்றேன்.

"குதிரைக்கு இடம் இருக்குல்ல?"

"அதையும்தான் வெட்டணும்."

"வெட்டுங்க," என்றாள். வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இரண்டு மாதம் வெட்டினேன். எனக்கு வெட்டுவது பழக்கம்தான். வேண்டாத பக்கத்தில் பென்சிலால் குறுக்கே கோடு போடுவேன். லாடம் போனது. சிங்ஹகட் பார்த்து எழுதிய கோட்டைகள் போயின. படை தெற்கே போகிற வழி முழுக்கப் போனது. கடைசியில் வருகிற பெரிய சண்டை ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. திருத்தமும் நானே பார்த்தேன். அவள் நோட்டைத் தொடவில்லை. சாப்பாடு, டீ எல்லாம் எப்போதும் போல வந்தது. மொத்தமாகப் போட்டோ பிடித்து அனுப்பினேன். அவர்கள் டைப் அடித்துக்கொள்வார்கள்.

பதினைந்து நாள் கழித்துப் போன் வந்தது.

"ஐயா, நாப்பத்திரெண்டாயிரம்தான் வருது. ஏதாவது நோட்டு அனுப்பாம விட்டுட்டீங்களா?"

"எட்டும் அனுப்பிட்டேனே."

"இது குறுநாவல் மாதிரி இருக்கு ஐயா. இத சரித்திர நாவல்னு கடைல வச்சா, உள்ள பாதியக் காணோம்னு சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டு முதல் நோட்டைப் பிரித்தேன். வலது பக்கம் எழுத்து. இடது பக்கம் வெறும் தாள், அங்கங்கே நீல மை. இருநூறு பக்க நோட்டில் எழுதியது நூறு. நான் இருநூறால் பெருக்கிவிட்டேன். ஆரம்பத்திலேயே கதை எண்பத்தெட்டாயிரம்தான் இருந்திருக்கிறது. கிட்டத்தட்டச் சரியான அளவு. நல்லதைப் போய்ப் பாதியாக வெட்டியிருக்கிறேன்.

லேத்தில் இந்தத் தப்பு முதல் வாரத்தில் எல்லோரும் செய்வார்கள். கம்பி சுற்றிக்கொண்டிருக்கும். கத்தியை அரை மில்லி உள்ளே கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் அரை மில்லி போகாது, சுற்றி எல்லாப் பக்கமும் போகும். மொத்தத்தில் ஒரு மில்லி குறைந்துவிடும். அரை மில்லி குறைக்க வேண்டுமென்றால் கால் மில்லிதான் கொடுக்க வேண்டும். அதை மறந்தவன் சாமானை ஸ்கிராப் ஆக்குவான், திட்டு வாங்குவான். நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

பக்கத்து மெஷினில் முப்பது வருஷம் நின்ற மராத்திக்காரர் ஒருவர் இன்னும் சாயங்காலம் டீக்கடைக்கு வருவார். அவரிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அரே, டபுள் காட் தியா? இத்னே சால் க்யா கியா தூ?"

இரண்டு மடங்கு வெட்டிவிட்டாயே, இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்கிறார். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

சென்னைப் பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

"வெட்டினத திருப்பிப் போட்டுடுங்க ஐயா. பென்சில்லதான கோடு போட்டிருக்கீங்க? ஆறு வாரத்துல குடுத்தீங்கன்னா புத்தகக் காட்சிக்குக் கொண்டாந்துடலாம்."

சுலபமான வேலை. ரப்பர் வாங்கி வந்து உட்கார்ந்தேன். லாடம் முதல் பக்கத்தில் பாதி அழித்திருப்பேன். வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அழிக்கிறீங்க?"

சொன்னேன். கணக்குத் தப்பானதையும் சொன்னேன்.

"அப்ப இப்ப எவ்வளவு இடம் இருக்கு?"

"நாப்பத்து மூணாயிரம் வார்த்தை."

"அது எவ்வளவு?"

"புத்தகத்துல சரிபாதி. புதுசா இன்னொரு கதை எழுதலாம்."

"ஓஹோ." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "அவ்வளவையும் குதிரைக்கே குடுக்கப் போறீங்க."

ரப்பரைக் கீழே வைத்தேன். சட்டைகள் முடிந்து துண்டுகளுக்குப் போயிருந்தாள். இவள் இனி இந்த நோட்டைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. சண்டை போட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும். இவள் சண்டை போடவில்லை.

"நீ சொல்லு," என்றேன்.

"என்னத்த?"

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுனா?"

"எனக்கென்ன தெரியும் உங்க தஞ்சாவூர்ப் பொண்ணப் பத்தி," என்று துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்து நின்ற பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"புது நோட்டு வாங்கியாங்க. ரெண்டு பக்கமும் எழுதுங்க."

தினமும் ஒரு மணி நேரம் சொன்னாள். பால்காரருக்குக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் அதைக் கதைக்கு மாற்றி எழுதினேன்.

முதல் வருஷம் பஸ்தான். எங்கள் ஊருக்குச் சாயங்காலம் ஒரு டவுன் பஸ் வரும். அந்த நேரத்துக்குத்தான் இவளுக்குத் தண்ணீர்க் குடம் காலியாகும். பைப்படி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. எங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "குடத்துக்கு மணி பாக்கத் தெரியுது போல" என்று தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். நான் பஸ்ஸை வடக்கேயிருந்து வருகிற வண்டிக்கூட்டம் ஆக்கினேன். குடம் குடமாகவே இருந்தது. மாமியாரும் அப்படியே இருந்தாள்.

"கடுதாசி எழுதுங்க," என்றாள் ஒருநாள்.

"எந்தக் கடுதாசி?"

"நீங்க போட்ட கடுதாசி. ஏழு வருஷத்துல இருபத்தொண்ணு. எல்லாத்துலயும் அதே மூணு வரி. நலம், நலமறிய ஆவல். இங்கு மழை. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும். இருபத்தொண்ணையும் சேத்தா உங்க லாடத்துல ஒரு காலுக்கு வராது."

"எனக்கு எழுத வராது."

"எட்டு நோட்டு எழுதியிருக்கீங்க."

குதிரைக்காரனுக்கும் எழுத வராது, ஆள் மூலம் மூன்று வார்த்தை சொல்லி அனுப்புவான் என்று எழுதினேன்.

இரண்டாவது வருஷம் ஊரில் பேச்சு. புனேயில் எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ கிளப்பியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருந்தாளா?"

"ஒரு ரூம்ல அஞ்சு பேரு. எங்க வைக்கிறது?"

"எடம் இருந்தா வச்சிருப்பீங்க."

"எடம் இருந்தா உன்னக் கூட்டியாந்திருப்பேன்."

"ம். எழுதுங்க," என்றாள்.

மூன்றாவது வருஷம் நான் பத்து நாள் லீவில் போய் வந்தேன். இது கதைக்கு நல்ல இடம் என்று பட்டது. படிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவள் சொல்வதற்கு முன்னாலேயே நானாகப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்தேன். குதிரைக்காரன் ரகசியமாக வருகிறான். ஆற்றங்கரை, நிலா, தாழம்பூ எல்லாம் போட்டேன். வாசித்துக் காட்டினேன்.

"எடுத்துடுங்க."

"ஏன்?"

"பத்து நாள்ல எட்டு நாள் தூங்குனீங்க."

"நைட் ஷிப்ட் ஒடம்பு. பகல்ல கண்ணு சொக்கிரும்."

"தெரியும். அதான் எழுப்பல. ஒம்பதாவது நாளு பெட்டி கட்டுனீங்க."

பன்னிரண்டு பக்கமும் போனது. வந்தான், தூங்கினான், போனான் என்று மூன்று வரி வைத்தேன்.

நான்காவது வருஷத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"சைக்கிள் கத்துக்கிட்டேன்," என்றாள்.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். கல்யாணம் ஆகி நாற்பது வருஷம். இந்த ஊரில் இவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துத்தான் எங்கேயும் கூட்டிப் போயிருக்கிறேன். பஸ் கிடைக்காவிட்டால் நடப்பாள். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"உங்க அப்பாவோட சைக்கிளு. மத்தியானம் அவரு படுத்திருக்கப்ப எடுத்துட்டுக் களத்துக்குப் போயிருவேன். எதுத்த வீட்டுப் பொண்ணு சீட்டப் புடிச்சுக்கும். மொத மாசம் முட்டி முழுக்க ரத்தம். அப்பறம் வந்துருச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கம்பி வளைஞ்சிருந்தா தெரியாதா? ஒருநாள் சீட்ட எறக்கி வச்சிருந்தாரு. என் ஒசரத்துக்கு. ஒண்ணும் சொல்லல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கேட்டீங்களா?"

கதையில் அந்தப் பெண் குதிரை ஏறக் கற்றுக்கொண்டாள். லாயத்தில் வயசாகிப் படைக்கு ஆகாத குதிரை ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள். இதற்கு நான் எங்கேயும் போய்ப் பார்த்து வர வேண்டியிருக்கவில்லை. முட்டியில் ரத்தம் போதுமாக இருந்தது.

ஐந்தாவது வருஷம் சீக்கிரம் முடிந்தது. விளைச்சல் இல்லை, அம்மாவுக்குக் காய்ச்சல். ஆறாவது வருஷத்துக்கு வந்தபோது எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வருஷம் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஆடிக்குப் போன. அப்பா எழுதியிருந்தாரு."

"ஆடிக்குப் போகல. திரும்பி வரக் கூடாதுன்னு போனேன். உங்க அப்பா ஆடிக்குன்னு எழுதியிருக்காரு."

நான் எழுதவில்லை. அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். ஒரு மாதம் இருந்திருக்கிறாள். இவள் அண்ணன் பேசிக் கல்யாணத்தை முறித்துவிடலாம் என்று சொல்லிவிட்டான். இவளும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மூன்று வரி எழுதியிருப்பேன்.

"அப்பறம் ஏன் வந்த?"

"உங்க அப்பா வந்தாரு. சைக்கிள உருட்டிக்கிட்டு வந்தாரு. பன்னெண்டு மைலு. ஏறி ஓட்டிட்டு வரல, உருட்டிட்டு வந்தாரு, ஏன்னு கேக்காதீங்க, சீட்டு என் ஒசரத்துல இருந்துச்சு. வாசல்ல நிறுத்துனாரு. மோர் குடிச்சாரு. 'சைக்கிள் இங்க இருக்கட்டும்மா'ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிட்டாரு. வான்னு சொல்லல."

"அப்பறம்?"

"ஒரு வாரம் கழிச்சு நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். எங்க அண்ணன் நடுரோட்ல நின்னு கத்துச்சு. நான் பெல்லு அடிச்சிட்டு வந்துட்டேன்."

அன்றைக்கு எழுதவில்லை. மறுநாளிலிருந்து நான்கு நாள் எழுதினேன். கிழவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதற்கு மட்டும் பதினெட்டுப் பக்கம் ஆனது. வழியில் சண்டை ஒன்றும் கிடையாது. அவர் நடக்கிறார், குதிரை நடக்கிறது. வாசித்துக் காட்டினேன். நீளம் என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

ஏழாவது வருஷம் அரைப் பக்கம். "ரூம் கெடச்சிருச்சுன்னு கடுதாசி போட்டீங்க. அவ்வளவுதான்," என்றாள். அவ்வளவுதான் எழுதினேன். எண்ணிப் பார்த்தேன். வலது பக்கம் எத்தனை, இடது பக்கம் எத்தனை என்று இரண்டு தடவை எண்ணினேன். இருபத்தோராயிரம்.

அவள் நீலப் பேனாவை எடுத்து ஆறாவது நோட்டிலிருந்து மறுபடி திருத்த ஆரம்பித்தாள்.

இன்னும் இருபத்திரண்டாயிரம் வார்த்தைக்கு இடம் இருந்தது. லாடத்தைப் போடலாம், கோட்டையைப் போடலாம். படித்துப் பார்த்தேன். அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள், இவன் கோட்டைச் சுவர் எத்தனை முழம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒட்டவில்லை. அழித்த அரைப் பக்கத்தின் மேல் மறுபடி பென்சில் கோடு போட்டேன். விட்டுவைத்திருந்த பெரிய சண்டையையும் ஒரு பக்கத்துக்குக் கடைந்தேன். கொஞ்சம் வலித்தது. வேறு வழியில்லை.

சென்னைப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை.

"போர் இல்லாம சரித்திர நாவல்னு எப்படி ஐயா போடறது?"

"போர் நடக்குதும்மா. அவ வீட்ல இருக்கா. அவளுக்குத் தெரியாது."

"இருநூத்து இருபத்து நாலு பக்கம்தான் வரும். பக்கத்துல இருக்கற புத்தகம் எல்லாம் அறுநூறு பக்கம் இருக்கும். ஒல்லியாத் தெரியும்."

"தெரியட்டும்."

"காத்திருக்கற பகுதியக் கொஞ்சம் குறைச்சு, அந்தச் சண்டைய..."

"குறைக்க முடியாதும்மா. அளவு முடிஞ்சிருச்சு."

சார்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்றாள். இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். போடுவார்கள். ஆனால் இந்தப் புத்தகக் காட்சிக்கு இல்லை. அட்டையில் சரித்திர நாவல் என்று போட மாட்டார்கள், நாவல் என்று மட்டும் போடுவார்கள். சரி என்றேன். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "பேரா முக்கியம்," என்றாள்.

எட்டாவது நோட்டு பாக்கி இருந்தது. குதிரைக்காரன் திரும்பி வருகிற இடம். அதைப் போன வருஷமே எழுதியிருந்தேன். பதினோரு பக்கம் பேசுவான். உன் முகம் நிலவில் தெரிந்தது, உன் குரல் காற்றில் கேட்டது என்று வரும். அவள் இரண்டு பக்கம் திருத்தினாள். மூன்றாவதில் பேனாவை நிறுத்தினாள்.

"என்னங்க, இவன் எதுக்கு இவ்வளவு பேசுறான்?"

"ஏழு வருஷம் கழிச்சு வர்றான்."

"நீங்க என்ன பேசுனீங்க?"

"'பெட்டி எங்க?'ன்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை.

"வாசல்ல சைக்கிள் நின்னுச்சு. சீட்டு எறங்கியிருக்கே, யாருதுன்னு கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்க அப்பாவுதுன்னு சொன்னேன்."

பதினோரு பக்கத்தையும் கிழித்து எடுத்தேன். இந்தத் தடவை பென்சில் கோடு போடவில்லை. மறுநாள் புதிதாக எழுதினேன். அவன் வருகிறான். வாசலில் குதிரை கட்டியிருக்கிறது. யாருடையது என்று கேட்கிறான். என்னுடையது என்கிறாள். அரைப் பக்கம் வந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'என்னுடையது' என்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். றகரம் ஒன்றைத் திருத்தினாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி. போட்டோ புடிச்சு அனுப்புங்க," என்று எழுந்து போனாள்.